பொலோன்யாவிலிருந்து ஒரே ஒரு நாள்: ரவென்னாவா, ஃபெர்ரராவா, மாந்தொவாவா?

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பத்து நாளில் அடைக்கிற பயணத் திட்டத்தில் ஒரு நாள் மட்டும் மிச்சம் விழும். அந்த ஒரு நாளில் கூட்டம் நெரிக்காத பழைய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். ஃபுளோரன்ஸுக்கும் வெனிஸுக்கும் நடுவில் உள்ள பெரிய ரயில் சந்திப்பு பொலோன்யா. அங்கிருந்து பார்த்தால் மூன்று பெயர்கள் முன்னால் வந்து நிற்கும்: ரவென்னா, ஃபெர்ரரா, மாந்தொவா. மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. மூன்றைப் பற்றியும் பயணக் கையேடுகள் அதே புகழுரைகளைத்தான் எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டு எதற்குப் போவது என்று முடிவு செய்ய முடியாது.

உண்மையில் இவை ஒன்றுக்கொன்று ஒட்டாத ஊர்கள். ரவென்னாவில் பார்க்க வேண்டியது கூரையும் சுவரும். ஃபெர்ரராவில் தெருவும் மதிலும். மாந்தொவாவில் அறைகள்.

முதலில் எதைக் கணக்கில் எடுக்க வேண்டும்

கிழமையிலிருந்து தொடங்குங்கள். இத்தாலிய அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமை மூடியிருக்கும். இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதுதான் இந்த ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு.

அடுத்தது, ஊருக்குள் கிடைக்கும் நிகர நேரம். ரயில் நேரத்தை மட்டும் கூட்டினால் போதாது. தங்குமிடத்திலிருந்து நிலையம், நடைமேடையைத் தேடுவது, இறங்கியபின் ஊர் நடுவுக்கு நடை, எல்லாம் சேர்த்துப் போக ஒரு முக்கால் மணி, வர ஒரு முக்கால் மணி கூடும்.

மூன்றாவது, அன்று இரவு எங்கே தூங்கப் போகிறீர்கள் என்பது. பொலோன்யாவுக்கே திரும்புகிறவருக்கும், பெட்டியோடு வெனிஸுக்கோ வெரோனாவுக்கோ நகர்கிறவருக்கும் ஒரே விடை பொருந்தாது. நான்காவது, கூட வருகிறவர்களின் கால். கூழாங்கல் பதித்த தெருவில் ஆறு மணி நேரம் நடப்பது வயதானவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் சிரமம்.

இந்த நான்கையும் பார்த்தபிறகு ரசனை. எது பிடிக்கும் என்பதைக் கடைசியில் வைத்தால் முடிவு சுலபமாக வரும்.

| | ரவென்னா | ஃபெர்ரரா | மாந்தொவா |
|---|---|---|---|
| பொலோன்யாவிலிருந்து ரயில் | 1 மணி 10 நிமிடம் முதல் 1½ மணி வரை | 25 முதல் 50 நிமிடம் | 1½ முதல் 2 மணி. பெரும்பாலும் மோதெனாவில் மாற வேண்டும் |
| ஊருக்குள் குறைந்தது | 5 மணி நேரம் | 4 மணி நேரம் | 6 மணி நேரம் |
| திங்கட்கிழமை | முக்கியமான ஆலயங்கள் திறந்திருக்கும் | கோட்டை திறந்திருக்கும். ஸ்கிஃபனோயா மாளிகை மூடல் | கோமகன் அரண்மனை மூடல் |
| நடை | குறைவு, சமதளம் | அதிகம். சைக்கிள் இருந்தால் குறைவு | நடுத்தரம் |
| மழை நாளில் | நல்லது | பாதி இன்பம் போகும் | நல்லது |

ரவென்னா: அண்ணாந்து பார்க்கிற ஊர்

கி.பி. 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் மிலானிலிருந்து இங்கே வந்தது. சதுப்பு நிலம் சூழ்ந்த ஊர், படையெடுத்து வருவது கடினம், பக்கத்தில் கடற்படைத் துறைமுகம். பேரரசு விழுந்தபின் ஆஸ்த்ரகாத் என்ற ஜெர்மானிய இனத்தின் மன்னர் தியோடரிக் இங்கிருந்து ஆண்டார். 540-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்த கிழக்கு ரோமப் பேரரசின் படை ஊரைப் பிடித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குள் மூன்று அரசுகளும் ஆளுக்கொரு பங்கு மொசைக்கை, அதாவது வண்ணச் சில்லுகளால் ஆன படங்களை, சுவரில் பதித்துவிட்டுப் போயின. அவற்றில் எட்டுக் கட்டடங்கள் 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

டிக்கெட் விஷயம் முதலில் புரிய வேண்டும். புனித விதாலே ஆலயம், கால்லா பிளாசிதியா சமாதி, புனித அப்போலினாரே நுவோவோ, நியோன் திருமுழுக்குக் கூடம், பேராயர் அருங்காட்சியகம் ஆகிய ஐந்துக்கும் ஒரே கூட்டு டிக்கெட். தனித்தனியாக வாங்க முடியாது. சமாதிக்கும் திருமுழுக்குக் கூடத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளே நிற்க ஏறக்குறைய ஐந்து நிமிடம்தான். தியோடரிக் சமாதி, ஆரியஸ் என்பவரைப் பின்பற்றிய கிறித்தவப் பிரிவின் திருமுழுக்குக் கூடம், ஊருக்கு வெளியே கிளாசேயில் உள்ள அப்போலினாரே பேராலயம் ஆகியவை அரசிடம் உள்ளவை, அந்தக் கூட்டு டிக்கெட்டில் வராது. இது தெரியாமல், “எல்லாம் சேர்ந்த டிக்கெட்” என்று நினைத்து வாங்கியவர்களுக்குச் செலவு கூடிவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது? கால்லா பிளாசிதியா சமாதிக்குள் நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக அரை நிமிடம் ஆகும். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல்தகடு. வெளிச்சம் தேன் நிறத்தில் கசியும். எல்லாரும் நேரெதிரே உள்ள புனித லாரன்ஸையும் தலைக்குமேல் இருக்கிற நீல வானத்து நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டு வெளியேறிவிடுவார்கள். இங்குள்ள சிறந்த படம், ஆடுகள் நடுவே உட்கார்ந்திருக்கும் நல்ல மேய்ப்பன், நீங்கள் நுழைந்த கதவுக்கு மேலேயே இருக்கிறது. திரும்பி நின்று பார்க்க வேண்டும்.

புனித விதாலே 547-ல் அர்ப்பணிக்கப்பட்டது. பலிபீடத்துப் பக்கச் சுவர்களில் இடப்புறம் பேரரசர் ஜஸ்டினியன், வலப்புறம் அரசி தியோடோரா, பரிவாரங்களோடு. இவ்வளவு கம்பீரமாக நிற்கும் ஜஸ்டினியன் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. தங்கச் சில்லுகளை மட்டமாகப் பதிக்காமல் சற்றுச் சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். அதனால் ஓரடி நகர்ந்தாலே பளபளப்பு இடம் மாறும். ஒரே இடத்தில் நின்று படம் பிடித்துவிட்டுக் கிளம்பினால் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுபோவது இந்த ஊரில் வீண் போகாது.

நிலையத்துக்கு மிக அருகில் உள்ளது புனித அப்போலினாரே நுவோவோ. அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் அங்கிருந்தே ரயிலுக்கு நடந்துவிடலாம். உள்ளே நுழைந்தவுடன் வலப்புறச் சுவரில், வாசலை ஒட்டி, தியோடரிக்கின் அரண்மனை இருக்கும். தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைகள் தொங்கும். ஒரு காலத்தில் அங்கே மன்னரும் அவையினரும் நின்றார்கள். ஆட்சி மாறியபின் அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரையைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளைப் பெயர்க்கவில்லை. கூர்ந்து பாருங்கள்: ஆளில்லாத முன்கைகளும் விரல்களும் வெள்ளைத் தூணின்மேல் இன்னும் இருக்கின்றன. பதினான்கு நூற்றாண்டாக!

நடுப்பகல் இடைவெளிக்கு முன் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்குப் போங்கள், அனுமதி இலவசம். பலிபீடத்துக்குக் கீழே உள்ள நிலவறை நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கிறது. நாணயம் போட்டால் விளக்கு எரியும், மொசைக் தரைக்கு மேல் பொன்மீன்கள் நீந்துவது தெரியும். இந்த ஊர் மெல்ல மெல்லப் புதைந்துகொண்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. பக்கத்திலேயே இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை. 1321-ல் இங்கே இறந்தார். பிறந்த ஊரான ஃபுளோரன்ஸ் அவர் எலும்புகளைக் கேட்டபோது துறவிகள் 1519-ல் ஒளித்துவைத்தார்கள். 1865-ல்தான் அவை மீண்டும் கிடைத்தன.

மறைந்திருக்கும் சங்கடங்கள் இரண்டு. கிளாசே பேராலயம் நகரிலிருந்து சுமார் 8 கி.மீ. தள்ளி இருக்கிறது, ரயிலில் அடுத்த நிறுத்தம்தான், ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. அதைச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேண்டும். இரண்டாவது, பக்கத்துத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளில் காலை பத்து மணிக்குமேல் விதாலேயில் குழுக்கள் நிறைந்துவிடும். சமாதிக்கு அன்றைய முதல் நேரத்தையே பதிவு செய்வது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும் பியாதீனா பார்ப்பதற்கு நம் சப்பாத்தி போலவே இருக்கும். ஆனால் மரபுப்படி மாவைப் பன்றிக்கொழுப்பு சேர்த்துத்தான் பிசைவார்கள். “சென்சா ஸ்த்ருட்டோ” (பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள். பல கடைகளில் ஆலிவ் எண்ணெயில் செய்ததும் வைத்திருப்பார்கள்.

ஃபெர்ரரா: சைக்கிளில் சுற்றுகிற ஊர்

மூன்றில் மிகக் குறைவாக மதிக்கப்படும் ஊர் இது. காரணம், பெயர் சொல்லிக் காட்ட ஒரே ஒரு பெரிய படமோ கட்டடமோ இல்லை. எஸ்தே குடும்பம் இங்கிருந்து ஆண்டது. 1598-ல் போப்பாண்டவரின் ஆட்சி வந்ததும் அவர்கள் மோதெனாவுக்குப் போனார்கள். அதனால் அரண்மனைகளில் பொருள் குறைவு. ஊர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது, அதுதான் இதன் சிறப்பு.

நிலையத்திலிருந்து கோட்டைக்கு 20 நிமிட நடை. வரி உயர்வை எதிர்த்து 1385-ல் மக்கள் கிளர்ந்தெழுந்ததும் ஆட்சியாளர் தன் பாதுகாப்புக்காகக் கட்டத் தொடங்கியது இந்தச் செங்கல் கோட்டை. அகழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. கீழே உள்ள சிறைகளில் ஒன்றில் எஸ்தே குடும்பத்துப் பிள்ளையான ஜூலியோ, ஆட்சியிலிருந்த, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனுக்கு எதிராகச் சதி செய்ததற்காக 1506 முதல் 53 ஆண்டு அடைபட்டிருந்தார். கோட்டைக்குச் செவ்வாய் விடுமுறை, மற்ற அருங்காட்சியகங்களுக்குத் திங்கள். இந்த முரண்பாட்டால் புதன் முதல் ஞாயிறு வரைதான் ஃபெர்ரரா முழுதாகத் திறந்திருக்கும்.

கோட்டையிலிருந்து வடக்கே எர்கோலே தெரு நூல் பிடித்தாற்போல் மதில்வரை ஓடுகிறது. 1492-ல் எர்கோலே கோமகனுக்காக கட்டடக் கலைஞர் பியாஜோ ரொசெத்தி ஊரை ஒரேயடியாக இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக்கினார். திட்டமிட்டுப் போட்ட இந்தப் புதுப் பகுதிக்காகவே 1995-ல் யுனெஸ்கோ ஊரைப் பட்டியலில் சேர்த்தது. தெருவின் நடுவில் வைர மாளிகை. வெளிச்சுவர் முழுக்கச் சுமார் 8,500 கூம்புக் கற்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: அடிவரிசைக் கற்களின் முனை சற்றுக் கீழ் நோக்கியும், நடுவரிசை நேராகவும், மேல்வரிசை மேல் நோக்கியும் இருக்கும். வெளிச்சத்தைப் பிடிக்கச் செய்த வேலை. மாலைச் சாய்வெயிலில் நிழல் நீளும்போது பார்த்தால்தான் அந்த உழைப்பு தெரியும். நண்பகலில் அது வெறும் சொரசொரப்பான சுவர்.

நம் வாசகர்களுக்கு ஸ்கிஃபனோயா மாளிகையைத்தான் முதலில் சொல்வேன். 1470-ஐ ஒட்டித் தீட்டிய மாதங்களின் கூடம் அங்கே இருக்கிறது. பன்னிரண்டு மாதங்களில் ஏழு மட்டும் நன்றாகத் தெரிகின்றன. ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று அடுக்கு: மேலே ஒரு தெய்வத்தின் ரதம், கீழே கோமகன் போர்சோவின் அன்றாட வாழ்க்கை, நடு அடுக்கில் ராசியும் அதைச் சுற்றி மூன்று உருவங்களும். ஒரு ராசியைப் பத்துப் பத்துப் பாகையாக மூன்றாகப் பிரிப்பதை நம் ஜோதிடத்தில் திரேக்காணம் என்போம். அந்த மூன்று உருவங்கள் அவைதாம். மார்ச் மாதத்தில் மேஷத்தின் முதல் திரேக்காணமாக, கிழிந்த வெள்ளை உடையில், இடுப்பில் கயிறு கட்டிய கருநிற மனிதர் நிற்கிறார். இவர் யாரென்று ஐரோப்பியர்களுக்கு நெடுநாள் புரியவில்லை. 1912-ல் ரோமில் நடந்த கலை வரலாற்று மாநாட்டில் கலை வரலாற்று அறிஞர் ஆபி வார்பர்க் வழியைக் காட்டினார்: உஜ்ஜயினி ஜோதிடர் வராகமிகிரர் வருணித்த மேஷத் திரேக்காண உருவம், அரபு ஜோதிடர் அபூ மஷரின் நூல் வழியாக இத்தாலிக்கு வந்து, இந்தச் சுவரில் ஏறியிருக்கிறது. போ நதிச் சமவெளியின் ஒரு சுவரில் உஜ்ஜயினியின் வாசனை. இந்த ஒரு உருவத்துக்காகவே ஃபெர்ரராவில் இறங்கலாம்.

எஞ்சிய நேரத்தைச் சைக்கிளுக்குக் கொடுங்கள். ஊரைச் சுற்றி 9 கி.மீ. மதில், பெரும்பகுதிக்கு மேலே மரநிழலில் மண்பாதை. நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரம். வாடகைக்கு எடுக்கும்போது பிரேக்கையும் பூட்டையும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். சில சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் கையால் பிடிக்கப் போனால் ஒன்றும் நடக்காது. பழைய சந்துகளில், குறிப்பாக வளைவுகள் வரிசையாய் நிற்கும் வோல்தே தெருவில், ஆற்றுக் கூழாங்கல் பதித்திருப்பதால் இறங்கித் தள்ளுவதே நல்லது. சக்கரப் பெட்டியை அங்கே இழுப்பது நடக்காத காரியம்.

சாப்பாட்டில் பரங்கிக்காய் அடைத்த கப்பெல்லாச்சி பாஸ்தா. வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்தது, கறிக்குழம்பு ஊற்றியது என்று இரண்டு விதம் உண்டு. முதலாவதைச் சொல்லிக் கேளுங்கள். கொம்பு முறுக்கினாற்போல் இருக்கும் கொப்பியா ரொட்டி சைவம் என்று தோன்றும், அதிலும் பன்றிக்கொழுப்பு உண்டு.

மாந்தொவா: ஒரு இரவு கேட்கிற ஊர்

நேர்மையாகச் சொன்னால், பொலோன்யாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புவதற்கு மாந்தொவா சரிப்படாது. மோதெனாவில் ரயில் மாறும் இடத்தில் இணைப்பைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் வரை போய்விடும். மாலையில் ரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம். மாறாக, வெரோனாவிலிருந்து நேர் ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஆகவே வெரோனாவில் தங்குகிறவருக்கு இதுவே முதல் தேர்வு.

கோன்சாகா குடும்பம் 1328 முதல் 1707 வரை ஆண்ட ஊர், மூன்று பக்கம் ஏரி. அவர்களின் அரண்மனையில் 500-க்கும் மேற்பட்ட அறைகள். ஆனால் 1627, 1628-ல் ஓவியத் தொகுப்பின் பெரும்பகுதியை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்றுவிட்டார்கள். 1630-ல் படைகள் புகுந்து மிச்சத்தைச் சூறையாடின. மாட்டியிருந்தவை எல்லாம் போய், சுவரோடு ஒட்டியவை மட்டும் தங்கின.

அவற்றில் தலையாயது ஓவியர் மாந்தேஞா 1465 முதல் 1474 வரை தீட்டிய மணமக்கள் அறை. கூரை நடுவில் வட்டமான ஒரு திறப்பு, அதன் வழியே வானம், கைப்பிடிச் சுவரின் மேலிருந்து பெண்களும் சிறகுள்ள குழந்தைகளும் ஒரு மயிலும் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு செடித்தொட்டி கட்டையின்மேல் தொக்கி நிற்கிறது, தலையில் விழுந்துவிடும் போல. அத்தனையும் கூரையில் தீட்டிய வண்ணம். ஒரு நேரத்தில் சிலரையே விடுவார்கள், சில நிமிடமே தருவார்கள். நேரம் குறித்த பதிவு இல்லாமல் போனால் அரண்மனை டிக்கெட் வாங்கியும் இதைப் பார்க்க முடியாமல் போகலாம்.

ஊரின் தென்கோடியில் தே மாளிகை, கோமகன் அரண்மனையிலிருந்து 25 நிமிட நடை. ஜூலியோ ரொமானோ அங்கே தீட்டிய அரக்கர் கூடத்தில் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அறையே இடிந்து விழுவது போல இருக்கும். ஆல்பெர்த்தி வடிவமைத்த புனித ஆந்திரேயா பேராலயம் நடுப்பகலில் மூடும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கோடையில் ஏரிக்கரை முழுக்கக் கொசு. ஆனால் அதே ஜூலை, ஆகஸ்டில் மேல் ஏரியில் தாமரை பூத்துக் கிடக்கும். 1921-ல் நட்ட நம் ஆசியத் தாமரைதான். படகில் போய்ப் பார்க்கலாம்.

மூன்று ஊருக்கும் பொதுவான கைச்செலவும் தண்டமும்

வட்டார ரயில் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினாலும் விலை குறையாது. ஃபெர்ரராவுக்கு 5 யூரோ அளவு, ரவென்னாவுக்கு 8 யூரோ அளவு. காகித டிக்கெட்டை நடைமேடைக்கு வருமுன் இயந்திரத்தில் செருகி முத்திரை வாங்க வேண்டும். கைபேசியில் வாங்கியதென்றால் ஏறுமுன் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

பொலோன்யா நிலையத்தில் நடைமேடை எண்ணோடு ‘எஸ்ட்’, ‘ஓவெஸ்ட்’ என்று இருந்தால் அது நிலையத்தின் கிழக்கு, மேற்கு ஓரங்களில் உள்ள தனி நடைமேடை. 4 வேறு, 4 ஓவெஸ்ட் வேறு. பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள்.

வேலைநிறுத்தம் அறிவித்தால் பயணமே போச்சு என்று நினைக்க வேண்டாம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். போக வர அந்த நேரத்துக்குள் அமைத்துக்கொண்டால் போதும்.

வாடகைக் கார் இந்த மூன்று ஊருக்கும் தேவையில்லை. பழைய ஊருக்குள் அனுமதியில்லா வண்டிகளைக் கேமரா பிடிக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், கார் நிறுவனத்தின் கட்டணமும் தனியாகச் சேரும். சாப்பாட்டுக்கடையில் மேசைக்கட்டணம் ஆளுக்கு 1.50 முதல் 3 யூரோ. ஏமாற்று இல்லை, வழக்கம். சமையலறை மதியம் இரண்டரைக்கு மூடிவிடும்.

யார் எங்கே போகலாம்

திங்கட்கிழமையா? யோசிக்கவே வேண்டாம், ரவென்னா. மழையென்றாலும் அதுவே. முதன்முறை இத்தாலி வருகிறவருக்கு, இனி வருவோமா என்ற எண்ணம் உள்ளவருக்கும் அதுதான். அந்த மொசைக்குக்கு மாற்று வேறெங்கும் இல்லை. பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கும் நடை குறைவாகக் கிடைக்கும்.

அரை நாள்தான் இருக்கிறது, மாலை வெனிஸ் போக வேண்டும் என்றால் ஃபெர்ரரா. பொலோன்யா, பாதுவா, வெனிஸ் பாதையிலேயே இருப்பதால் திரும்பி வரவேண்டியதில்லை. ஆனால் நிலையத்தில் பெட்டி வைக்க வசதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எங்கே வைப்பது என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் வயதென்றாலும் இதுதான்.

ஒரு இரவு தங்க முடியும், அல்லது வெரோனா வழியாகப் போகிறீர்கள் என்றால் மாந்தொவா. மாலை ஆறுக்குமேல் பகல்நேரப் பயணிகள் போனபின் கோமகன் அரண்மனை முன்னுள்ள சொர்தெல்லோ சதுக்கம் ஊர்க்காரர்களுடையதாகிவிடும்.

இரண்டு நாள் கிடைத்தால் பொலோன்யாவுக்குத் திரும்பாமலே ஃபெர்ரராவையும் ரவென்னாவையும் சேர்க்கலாம். இரண்டுக்கும் நடுவே நேர் வட்டார ரயில் உண்டு, ஒன்றேகால் மணி நேரம் அளவு. ஞாயிறு ஃபெர்ரராவில் கழித்து இரவு தங்கி, திங்கள் காலை ரவென்னாவுக்குப் போனால் முக்கியமான கதவுகள் மூடியிருக்காது. மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் வைர மாளிகையில் உள்ள அரசு ஓவியக்கூடம் இலவசம். அன்று கூட்டம் சேரும், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.